‘ஃபேர்’ என்னும் சொல்லின் யோக்கியதை



இன்று நாம் ‘பகுத்தறிவும் மூடநம்பிக்கையும்’ என்பது பற்றிப் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. அந்தத் தலைப்பில் நாம் பல ஊர்களில் பேசியாயிற்று. உங்களில் பலர் கேட்டுமாயிற்று. ஆதலால் தலைவர் அவர்களின் அனுமதியோடு இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றி மாத்திரம் பேசலாமென்று கருதுகிறோம். அதுவும் தமிழ்ச் சொல் அல்ல, ஆங்கிலச் சொல். ‘ஃபேர்’ என்பது அது. நம் கிராமத்து வாயில் அது ‘பேர்’ என்றுதான் வரும். வந்தால் பாதகமில்லை.

இதைப் பற்றிப் பேச நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற வாரம் இவ்வூர் இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு பாரத்தைக் கொண்டு வந்து காட்டினார். கலியாணத் தரகு செய்கின்ற ஓர் இடத்தில் கொடுத்த பாரம் அது. பெண்ணின் பேர், வயது, படிப்பு, ஜாதி, நட்சத்திரம் என்கின்ற கேள்விகளோடு, பெண்ணின் நிறம் என்ன என்றும் ஒரு கேள்வி. அதற்கெதிரே ‘வெரி ஃபேர்’, ‘ஃபேர்’, ‘வீட்டிஷ்’, ‘டார்க்’ என்று ஆங்கிலத்தில் நான்கு கட்டங்கள். நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்த இடம் ரேஷன் கடை வாசல். அந்தக் கடைப் போர்டில் தமிழில் ‘நியாய விலைக் கடை’ என்றும், கீழே ஆங்கிலத்தில் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ என்றும் எழுதியிருந்தது. இளைஞர் போர்டையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்தக் கடையும் ஃபேராம். என் தங்கை ஃபேரா இல்லையா என்றும் கேட்கிறார்கள். கடை எப்படி ஃபேர் ஆயிற்று? என் தங்கை எப்படி ஆகாமல் போனாள்?” என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அது சிரிப்பல்ல. அந்தப் பெண்ணுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் நிறத்தைக் காரணம் சொல்லித் தட்டிப் போயிருக்கின்றன. மூன்றாவதாக வந்தவர்கள் கொஞ்சம் தாராளமானவர்கள். ‘நிறம் மட்டாயிருப்பதைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபணையில்லை, அதற்காகப் பத்துப் பவுன் கூடப் போட்டுவிடுங்கள்’ என்றார்களாம். அதாவது தோல் கறுப்புக்கு அபராதம் பத்துப் பவுன்!

நாம் ஆங்கிலப் பண்டிதர் அல்ல. என்றாலும் அந்த இளைஞர் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. ஆகவே அகராதிகளைப் புரட்டிப் பார்த்தோம். அகராதி என்பது ஒரு நல்ல புஸ்தகம். சாஸ்திரங்களைப் போல் ‘இது இப்படித்தான், மீறினால் நரகம்’ என்று கட்டளையிடாமல், இன்ன காலத்தில் மக்கள் இந்தச் சொல்லை இன்ன பொருளில் வழங்கினார்கள் என்று கணக்கு எழுதி வைப்பது. ஆனால் கணக்குப்பிள்ளை எவ்வளவு யோக்கியனாயிருந்தாலும், பண்ணையில் நடந்த அக்கிரமங்களும் அவன் எழுதும் கணக்கில் சேர்ந்துதானே பதிவாகும்? அதுபோலவே ‘ஃபேர்’ என்னும் இந்தச் சொல்லிலும் பதிவாகியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதன்மையான பொருள் அழகு, பார்ப்பதற்கு இனியது என்பதே. அதனோடு உறவுள்ள காத்திக் என்னும் பழைய ஜெர்மானிய பாஷையில் ‘பொருத்தமானது’ என்று பொருள். பெண் அழகாயிருந்தாலும், வீடு அழகாயிருந்தாலும், வயல் அழகாயிருந்தாலும் ஃபேர்தான். இதில் நிறம் என்கின்ற பேச்சு அவசியமில்லை. இந்த ஒரு வேரிலிருந்து கிளைகள் புறப்பட்டன. மழையும் புயலும் இல்லாத வானம் ஃபேர். கப்பலுக்குச் சாதகமாய் அடிக்கின்ற காற்று ஃபேர். அடித்தல் திருத்தலின்றி எழுதிய பிரதி ஃபேர் காப்பி. இதை நம் பிள்ளைகளும் அறிவார்கள்; கிறுக்குவதற்கு ரஃப் நோட்டு, வாத்தியாரிடம் காட்டுவதற்கு ஃபேர் நோட்டு. அழுக்கில்லாதது, கறையில்லாதது என்று இப்படிப் போய், கடைசியில் நடத்தையில் கறையில்லாதது, பட்சபாதமில்லாதது, நியாயமானது என்கின்ற பொருளும் வந்து சேர்ந்தது. 1300களிலேயே ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை நியாயம் என்னும் பொருளில் வழங்கியிருக்கின்றார்கள். இன்னொரு பக்கத்தில், வெளுத்த தோல், வெளுத்த மயிர் என்கின்ற பொருளும் இதே சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருவிழாச் சந்தைக்கும் ஆங்கிலத்தில் ஃபேர் என்றுதான் பேர். ஆனால் அது லத்தீனிலிருந்து வந்த வேறு சொல், பண்டிகை நாள் என்று அதற்கு அர்த்தம். உச்சரிப்பு ஒன்றாயிருப்பதால் உறவென்று சொல்லிவிடக் கூடாது. நம் புராணிகர்கள் செய்கின்ற வேலை அது.

ஒரு சொல்லின் யோக்கியதையை அறிய வேண்டுமானால் அதன் எதிர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். வானம் ஃபேர் இல்லாவிட்டால் ‘ஃபவுல்’. ஆட்டத்தில் ஃபேர் இல்லாவிட்டாலும் ஃபவுல். ஃபவுல் என்றால் அசுத்தம், நாற்றம். நீதியில் ஃபேர் இல்லாவிட்டால் ‘அன்ஃபேர்’. நோட்டில் ஃபேர் இல்லாவிட்டால் ரஃப். தோலில் ஃபேர் இல்லாவிட்டால் என்ன? ‘டார்க்’, அதாவது இருட்டு. அழகு, சுத்தம், சாதகம், நியாயம், வெளுப்பு இத்தனையும் ஒரு தட்டில். அசுத்தம், முரடு, அநியாயம், கறுப்பு இத்தனையும் மறு தட்டில். எந்தச் சட்டசபையும் கூடி இப்படித் தீர்மானம் செய்யவில்லை. ஆயினும் ஒரு ஆங்கிலக் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும்போதே, யாரும் உபதேசிக்காமலே இந்தப் பாடமும் அதன் மண்டையில் ஏறிவிடுகின்றது.

அழகு என்பது எப்படி வெளுப்பு ஆயிற்று? வெயிலில் உழுகிறவனும் களை பறிக்கிறவளும் கறுத்துப் போவார்கள். மாளிகைக்குள்ளே உட்கார்ந்து தின்கிறவர்கள் வெளுத்திருப்பார்கள். ஐரோப்பாவிலும் அப்படித்தான். ஆகவே வெளுப்பு என்பது பாடுபடாமல் சாப்பிடுகின்றவர்களின் அடையாளமாயிற்று. பாடுபடாதவன் உயர்ந்தவன் என்றால் அவன் தோலும் உயர்ந்ததுதானே! 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலிசபெத் ராணி காலத்துச் சீமாட்டிகள், இருக்கின்ற வெளுப்பும் போதாதென்று, ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பூச்சை முகத்தில் அப்பிக்கொண்டார்கள். ஈயம் விஷம்; தோலை அரிக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை, ஃபேராயிருந்தால் போதும். அந்தக் காலத்து நாடக ஆசிரியரான ஷேக்ஸ்பியர் கறுத்த நிறமுடைய ஒரு பெண்ணைப் பற்றிச் சில பாட்டுகள் எழுதியிருக்கிறார். கறுப்பை அழகென்று கணக்கில் சேர்ப்பதில்லையே என்கின்ற வழக்கு அப்போதே அவற்றில் பேசப்பட்டிருக்கின்றது. பிற்பாடு அடிமை வியாபாரமும் சாம்ராஜ்யமும் வந்தபோது இந்தச் சொல் அவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாயிருந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சாமர்செட் என்னும் பிரதேசத்தில் ஒரு குகையில் 1903-ல் ஒரு மனிதனுடைய எலும்புக்கூடு கிடைத்தது. ஏறக்குறைய 10,000 வருஷத்துக்கு முந்தியது. 2018-ல் விஞ்ஞானிகள் அந்த எலும்பிலிருந்த மரபணுவைச் சோதித்துப் பார்த்து, அவனுக்குக் கண் நீலமாகவும் தோல் நல்ல கறுப்பாகவும் இருந்திருக்கக் கூடும் என்று அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த நாட்டில் ஆதியில் குடியிருந்தவனே இன்றைக்குக் கலியாணப் பாரம் பூர்த்தி செய்தால் நாலாவது கட்டத்தில்தான் கோடு போட வேண்டியிருக்கும்!

தோலின் நிறம் என்பது என்ன? நம் தோலுக்குள் மெலனின் என்கின்ற சாயத்தைச் செய்யும் அணுக்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஆப்பிரிக்கனுக்கும் அந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்கின்ற சாயத்தின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். வெயில் கடுமையாக அடிக்கின்ற தேசத்தில், சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர் உடலைக் கெடுக்காதபடி இந்தச் சாயம் குடை பிடிக்கின்றது. வெயில் குறைந்த தேசத்தில் அவ்வளவு பெரிய குடை தேவையில்லை. ஆகவே கறுப்பு என்பது குறையல்ல, பூர்வ ஜன்ம பாவமுமல்ல; வெயிலுக்கு உடல் செய்துகொண்ட ஏற்பாடு. குடை வைத்திருக்கிறவனைப் பார்த்து, குடையில்லாதவன், ‘உனக்குப் பத்துப் பவுன் அபராதம்’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆங்கிலத்தை இவ்வளவு பேசிவிட்டுத் தமிழை விட்டுவிட்டால், தன் பாஷை என்கின்ற பட்சபாதம் நமக்கு வந்துவிட்டதாக ஆகும். பாஷை அபிமானம் அறிவுக்கு மேலே ஏறக் கூடாது. தமிழில் ‘செம்மை’ என்றொரு சொல் இருக்கின்றது. சிவப்பு என்றும் பொருள். நேர்மை, ஒழுங்கு, சிறப்பு என்றும் பொருள். வளையாத ஆட்சி செங்கோல். சிறந்த தமிழ் செந்தமிழ். இது ஒரே சொல்லா, இரண்டு வேறு வேர்களா என்பது புலவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வியாஜ்யம். நம் காதில் விழுவதென்னவோ ஒரே சப்தந்தான். சமஸ்கிருதத்துக்கு வந்தால் இந்தச் சந்தேகங்கூட இல்லை. ‘வருணம்’ என்றால் நிறம் என்றும் பொருள், நால்வகை ஜாதிப் பிரிவு என்றும் பொருள். ஆங்கிலேயன் ஒரே சொல்லில் நிறத்தையும் நியாயத்தையும் கட்டினான். ஆரிய சாஸ்திரக்காரன் ஒரே சொல்லில் நிறத்தையும் பிறப்பையும் கட்டினான். இந்த இரண்டாவது முடிச்சில் நம் கழுத்து எத்தனை நூற்றாண்டாய் இறுகிக் கிடக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் வீட்டுப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பெண் நல்ல நிறம்’ என்கிறார்கள். என்ன நிறம் என்று சொல்வதில்லை. சொல்லாமலே சிவப்பு என்று எல்லோருக்கும் விளங்குகின்றது. அப்படியானால் கறுப்பு நிறமே அல்ல என்றாகிவிட்டது! ‘நிறம் கம்மி’, ‘நிறம் மட்டு’ என்கிறார்கள், ஏதோ அளவையில் நெல் குறைந்துவிட்டதைப் போல. கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் ‘கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்’ என்பார்கள். இதிலுள்ள ‘இருந்தாலும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ‘சிவப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்’ என்று எவராவது சொல்லக் கேட்டதுண்டா? ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்றொரு பழமொழியும் உண்டு. அடி பிடித்துப் போன சோற்றோடு சேர்த்துத்தான் அந்த அழகைப் பாராட்டியிருக்கிறார்கள். இது பாராட்டா, துக்கம் விசாரிப்பதா?

இனி இந்த ‘வீட்டிஷ்’. கோதுமை நிறமாம். நெல்லும் கேழ்வரகும் சோளமும் விளைகின்ற நாட்டில், வயலில் கோதுமைக் கதிரைக் கண்ணால் பார்த்திராத தகப்பன், தன் மகள் கோதுமை நிறம் என்று கட்டத்தில் கோடு போடுகிறான். கேழ்வரகு நிறம் என்று ஏன் போடக் கூடாது? அந்தப் பெண்ணை வளர்த்தது கேழ்வரகுக் களிதானே!

பக்தர்கள் சங்கதி இன்னும் விசேஷம். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பன் என்றுதான் பொருள். காளி கறுப்பு. கருப்பண்ணசாமி பேரிலேயே கறுப்பு. இவற்றுக்கெல்லாம் தேங்காய் உடைத்துத் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு, எழுந்ததும் நேரே பத்திரிகையைப் பிரித்து, ‘சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். காலண்டரில் கிருஷ்ணனைக் கறுப்பாக எழுதினாலும் விலைபோகாது என்றுதான் நீலத்தில் எழுதுகிறார்கள் போலும். கடவுளுக்கே நிறம் மாற்ற வேண்டியிருக்கும்போது, கடலைக் கொல்லைக்காரன் மகள் என்ன செய்வாள்?

அவள் என்ன செய்வாள் என்பதை வியாபாரிகள் நன்றாய்த் தெரிந்து வைத்திருந்தார்கள். 1975-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று ஒரு களிம்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வெளுப்பும் அழகும் என்று பேரிலேயே இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். பூசியதும் வேலை கிடைக்கின்றது, மாப்பிள்ளை கிடைக்கின்றான் என்று விளம்பரப் படங்கள் வந்தன. 2005-ல் ஆண்களுக்கென்று வேறொரு கம்பெனி ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கொண்டு வந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது ஆண்-பெண் சமத்துவம் வந்தது என்று சந்தோஷப்படலாம். நம் சென்னையிலிருந்து 2009-ல் பெண்கள் சிலர் ‘கறுப்பும் அழகே’ என்று ஒரு பிரசாரத்தைத் துவக்கினார்கள். 2014-ல் விளம்பரக்காரர்களே அமைத்துக்கொண்ட கட்டுப்பாட்டு சபை, கறுத்த நிறமுள்ளவர்களைத் தோற்றுப் போனவர்களாகவும் துக்கப்படுகிறவர்களாகவும் விளம்பரத்தில் காட்டக் கூடாதென்று விதி செய்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதரைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்ற 2020-ம் வருஷத்தில், உலகமெங்கும் கிளர்ச்சி எழுந்தபோதுதான் அந்தக் களிம்பின் பேரிலிருந்து ‘ஃபேர்’ நீங்கி ‘க்ளோ’, அதாவது பளபளப்பு, வந்தது. அதே சமயத்தில் ஒரு பெரிய கலியாண இணையத் தளமும் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் டப்பியின் மேலிருந்த சொல்லை அழிப்பதற்கு ஒரு நாள் போதும். மாமியார் மண்டையிலிருப்பதை அழிக்க எத்தனை நாள் ஆகும்?

நாம் வீணாய்ப் பயமுறுத்துவதாக எண்ணக் கூடாது. எல்லாக் களிம்பையும் விஷம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்து விற்பது உலகத்தின் பல பாகங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. பாதரசம் தோல் வழியாய் உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-ல் பல தேசங்கள் மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒன்று செய்து, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பூச்சுகளை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. ஈயம் பூசிய சீமாட்டியைப் பார்த்துச் சிரித்தோமே, நம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பது யார் என்று பார்க்க வேண்டாமா?

நிற்க. இனி கடைப் போர்டுக்கு வருவோம். தோல் விஷயத்தில் ‘ஃபேர்’ மோசம், நியாயம் என்னும் பொருளில் அது பரிசுத்தம் என்று நீங்கள் நினைத்தால் அதையும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கின்றது. ஏனெனில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் இருக்கின்றது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளின் தேர்ச்சியை எழுதும்போது மிக நன்று, நன்று என்று எழுதி, அதற்கும் கீழே ‘ஃபேர்’ என்று எழுதுவார். அதாவது சுமார், மோசமில்லை, ஏதோ தேறும். நியாயம் என்பதற்கும் சுமார் என்பதற்கும் ஒரே சொல்! எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று கேட்டால், சுமாராய்க் கொடுத்தால் நியாயம் என்று அந்தச் சொல்லே பதில் சொல்லிவிடும் போலிருக்கின்றது.

இது வெறும் சொல் விளையாட்டல்ல. 1948-ல் இந்திய சர்க்கார் ‘ஃபேர்’ கூலி, அதாவது நியாயக் கூலி, எது என்று ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டியார் கூலியில் மூன்று படி வைத்தார்கள். அடியில் குறைந்தபட்சக் கூலி. உச்சியில் வாழ்வதற்கேற்ற கூலி. இரண்டுக்கும் நடுவில் நியாயக் கூலி. அது எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு எல்லை, தொழிலின் கொடுக்கும் சக்தி. தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் குடும்பத்தோடு மனிதனாய் வாழ்வதற்கேற்ற கூலி மேலே இருக்கின்றது. நியாயம் அதற்குக் கீழே இருக்கின்றது! வாழ்வு ஒரு படி, நியாயம் ஒரு படி என்று பிரிந்து போயிற்றென்றால் அது யாருடைய நியாயம்? இங்கிலாந்துத் தொழிலாளிகளின் ‘நியாயமான வேலைக்கு நியாயமான கூலி’ என்கின்ற கோஷத்தை எடுத்துக்கொண்டு, ஏங்கல்ஸ் 1881-லேயே ஒரு தொழிலாளர் பத்திரிகையில், அந்த நியாயத்தை அளப்பது யார், எந்தப் படியைக் கொண்டு அளக்கிறார் என்று விசாரித்து எழுதியிருக்கிறார்.

படியைப் பற்றி நம் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1952-ல் வந்த தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலில் 100-க்கு 40 பங்கு உழுகிறவனுக்கு என்றது. 1956-ல் வந்தது நியாய வாரச் சட்டம். ஆங்கிலத்தில் அதன் பேரிலும் ‘ஃபேர்’ இருக்கின்றது. அது நன்செய்யில் மிராசுதாருக்கு 40 பங்கு, உழுகிறவனுக்கு 60 என்றது. பின்னால் அதைத் திருத்தி மிராசுதாரின் பங்கை 25 ஆக்கினார்கள். நிலம் அதே நிலம், நெல் அதே நெல், மனிதனும் அதே மனிதன். உழுகிறவனுக்கு நாற்பதாயிருந்த நியாயம் அறுபதாகிப் பிறகு எழுபத்தைந்தாயிற்று. நியாயம் வானத்திலிருந்து விழுந்ததாயிருந்தால் இப்படி ஏறுமா? கேட்கிறவர்கள் கூடிக் கேட்கக் கேட்க ஏறிற்று. கேட்காமலிருந்தால் நாற்பதும் வந்திராது.

அமெரிக்காவில் 1938-ல் ‘ஃபேர்’ என்று பேர் வைத்த ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. மணிக்குக் குறைந்தது 25 சென்ட் கூலி என்றது. நல்ல சட்டம். ஆனால் அதில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்கிறவர்களையும் சேர்க்கவில்லை. தென் மாகாணங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்து வந்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். ஆக, ஃபேர் சட்டம் கறுப்பு மக்களைத் தாண்டிப் போய்விட்டது. விவசாயக் கூலிகளில் ஒரு பகுதியாரைச் சேர்க்க 1966 ஆயிற்று. வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்க 1974 ஆயிற்று. ஆனால் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. ரயில் வண்டியில் படுக்கை போடும் கறுப்பினத் தொழிலாளிகளின் சங்கத் தலைவரான ராண்டால்ப் என்பவர், யுத்த சாமான் தொழிற்சாலைகளில் நிறத்தைப் பார்த்து ஆளைத் தள்ளுவதை நிறுத்தாவிட்டால் தலைநகருக்குப் படையெடுத்து வருவோம் என்று சர்க்காருக்குச் சொன்னார். 1941 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதை நிறுத்த உத்தரவு போட்டு, ஒரு கமிட்டியும் அமைத்தார். அந்தக் கமிட்டியின் பேரிலும் ‘ஃபேர்’ உண்டு. தங்களை இருட்டு என்று ஒதுக்கின அதே சொல்லை அவர்கள் பிடித்து இழுத்துத் தங்கள் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள்! 1968-ல் வீடு வாடகைக்கு விடுவதிலும் விற்பதிலும் நிற பேதம் கூடாதென்று வந்த சட்டத்துக்கும் அதே பேர்தான்.

பெண்களுக்கும் இதே சொல்லைப் பட்டமாய்க் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெண்குலத்துக்கு ‘ஃபேர் செக்ஸ்’ என்று பேர். அழகு குலம் என்று அர்த்தம். நியாய குலம் என்றல்ல. அந்த அழகு குலத்துக்கு அவர்கள் ஆண்களோடு சமமான ஓட்டுக் கொடுத்தது 1928-ல். நம் சென்னை மாகாணத்தில், ஜஸ்டிஸ் கட்சியார் மந்திரிகளாயிருந்தபோது, 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமைக்குத் தீர்மானமாயிற்று. ஆனாலும் நாம் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-ல். அறுபது வருஷம்! சொத்து கொடுப்பதற்கு அறுபது வருஷம் யோசித்தவர்கள், பத்துப் பவுன் கேட்பதற்கு ஐந்து நிமிஷங்கூட யோசிப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டு ஆங்கிலமே வேண்டாமென்று யாராவது முடிவு செய்துவிட்டால் நாம் பேசியது வீண். ஆங்கிலம் படிக்க வேண்டும், நம் பெண் பிள்ளைகள் முக்கியமாய்ப் படிக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குச் சௌகரியம் செய்து கொடுத்திருக்கின்றது. கடைப் போர்டைத் தமிழில் எழுதினவர் ‘நியாய விலை’ என்று எழுதினார். ‘சிவப்பு விலை’ என்று எழுதவில்லை. கலியாணத் தரகர் தமிழில் எழுதும்போது ‘சிவந்த பெண்’ என்று எழுதுகிறார்; ‘நியாயமான பெண்’ என்று எழுதுவதில்லை. இரண்டுக்கும் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆதலால், ‘சிவப்புக் கேட்பது நியாயமா?’ என்று நாம் தமிழில் தெளிவாய்க் கேட்கலாம். ஒரு ஆங்கிலேயன் தன் பாஷையில் இதே கேள்வியை அந்த ஒரே சொல்லைக் கொண்டு கேட்டால் அவன் நாக்கு தடுக்கும். (அந்தக் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலையே இல்லை. ஆனாலும் போர்டில் ‘நியாய விலை’ இருக்கின்றது. பசித்தவனுக்கு அரிசியின் நியாய விலை சூன்யம் என்று நம் சர்க்கார் ஒப்புக்கொண்டதாக நாம் எடுத்துக்கொள்ளுகிறோம்.)

அந்த இளைஞர் பாரத்தில் எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்று கேட்டார். ஒன்றிலும் போட வேண்டாம் என்று சொன்னோம். அவர் வீட்டில் நடப்பது சுயமரியாதைக் கலியாணமாயிருந்தால் பாரமும் வேண்டியதில்லை, நட்சத்திரமும் ஜாதியும் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னோம். அதற்கு அவர், வீட்டில் அவ்வளவு தூரத்துக்கு இன்னும் வரவில்லை என்றார். அப்படியானால் நிறத்தின் எதிரே காலியாய் விட்டுவிடுங்கள், எதிர்ப் பக்கத்தார் கேட்டால் முதலில் மாப்பிள்ளையின் நிறத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பவுனுக்கு ஆகும் பணத்தில் பெண்ணை மேலே படிக்க வையுங்கள் என்றோம். இளைஞருக்குச் சம்மதம். பெண்ணுக்கும் சம்மதம், அவள் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகப்பனார் மாத்திரம் இன்னும் இணங்கவில்லை. அவரும் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டியிருப்பதால், நம் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொண்டு, கேள்வி நேரத்தில் முதலில் அவரையே பேசும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.